மஞ்சள் விளக்கு எரியவில்லை

ஜூன் 19, திங்கள்

ஜனவரியில் கம்பெனி கொடுத்த டைரி இது. ஒரு வருடம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாதவர்களை மேடையேற்றி, ஆளுக்கு ஒரு டைரியும் ஒரு எவர்சில்வர் டப்பாவும் கொடுத்தார்கள். டப்பாவில் அன்றைக்கே புளி அடைத்துவிட்டேன். டைரி பீரோ மேல் சும்மா கிடந்தது. இன்று சாயங்காலம் பஸ்ஸில் நடந்தது, லைனில் நடந்தது எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் கொட்டிக்கொண்டிருந்தபோது, "எம்மா பவளக்கொடி, எனுக்குக் காது ரெண்டுதான் கீது. அந்த டைரிகிட்டச் சொல்லேன்" என்றார். சரி, இது நடுவில் கொட்டாவி விடாது.

ஆரம்பித்தது ஆரம்பித்தோம், முறையாகவே எழுதுகிறேன். எங்கள் கம்பெனி ஒரகடம் ரோட்டில் இருக்கிறது. காருக்குள் ஓடும் ஒயர்களை அளந்து, சேர்த்து, டேப் சுற்றிக் கட்டாக்கி அனுப்புவோம். மூன்றாம் லைனில் முப்பத்திரண்டு பெண்கள். ஒயர்களைப் பரப்பிக் கட்டும் பலகைகள் எங்கள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒருத்தி இடத்தை விட்டு நகர்ந்தாலும் லைன் நின்றுவிடும். அதற்காக ஒவ்வொருத்திக்கும் ஒரு பட்டன் உண்டு. பாத்ரூம் போகவேண்டும் என்றால் அழுத்துவாள், தலைக்கு மேல் மஞ்சள் விளக்கு எரியும், நான் ஓடிப்போய் அவள் இடத்தில் நின்று அவள் வேலையைச் செய்வேன். என் வேலைக்கு ரிலீவர் என்று பெயர். முப்பத்திரண்டு பேருடைய கை வேலையும் எனக்கு அத்துப்படி. உடம்பும் அத்துப்படி. யாருக்கு எந்தத் தேதி, யாருக்குச் சர்க்கரை, யார் முழுகாமல் இருக்கிறாள், யார் உள்ளே போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருகிறாள், எல்லாம் அவள் புருஷனுக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

எட்டாம் நம்பர் லூர்துமேரி. பதினோரு வருடத்துக்கு முன்னால் என்னை இந்தக் கம்பெனிக்கு இழுத்து வந்தவள் அவள்தான். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். அவள் கருவாட்டுக் குழம்பு என் தட்டில், என் வற்றல் குழம்பு அவள் தட்டில். போன வருடம் சங்கம் ஆரம்பித்தார்கள். லூர்து அதில் பொருளாளர். இருநூறு பேரில் நூற்றுப் பதினெட்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். சம்பள உயர்வு கேட்டு எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டிருக்கிறது.

நான் சேரவில்லை. ரிலீவர் எல்லோருக்கும் பொது. ஊர்க்குளத்துக்கு என்ன கட்சி? லூர்துவிடம் இப்படித்தான் சொன்னேன். "குளமாம், மூஞ்சியப் பாரு" என்று சிரித்தாள்.

ஜூன் 22, வியாழன்

நோட்டீஸ் போர்டு முன்னால் திருவிழாக் கூட்டம். சங்கத்தில் இல்லாதவர்களுக்கு அடுத்த மாதத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் சம்பள உயர்வாம். கூடவே குடும்பம் முழுமைக்கும் மூன்று லட்சத்துக்கு மருத்துவ இன்சூரன்ஸாம்.

எச்.ஆர். நிவேதா மேடம் கேன்டீனில் மைக் பிடித்துப் பேசினார். சங்கத்தோடு பேச்சுவார்த்தை நடப்பதால் அது முடிகிற வரைக்கும் சங்கத்துக்காரர்களுக்கு எதையும் கூட்ட முடியாதாம், கம்பெனியின் கை கட்டப்பட்டிருக்கிறதாம். "உங்க மேல பாசம் இல்லாம இல்ல. யாருக்குத் தர முடியுமோ அவங்களுக்குத் தர்றோம்" என்றார். பக்கத்தில் இருந்த லூர்து, "கட்டின கையில மூவாயிரத்தைநூறு எப்படி எண்ணுச்சாம்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மேடம் என்னைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் லூர்து, "உனுக்கும் வருமில்ல? நல்லா இருடி" என்றாள். மனதாரச் சொன்னாளா குத்தினாளா என்று வீடு வரும் வரை யோசித்தேன். மனதாரத்தான்.

ஜூன் 23, வெள்ளி

வீட்டுக்காரருக்கு மறுபடி வலி. பீன்ஸ் பொரியல், ரசம்.

ஜூன் 29, வியாழன்

இவர் பெயர் ஏகாம்பரம். நோட்டில்தானே, தாராளமாக எழுதலாம். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு வருடமாக அடிவயிற்றின் பக்கத்தில் எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம். குடலிறக்கம், ஆபரேஷன் செய்தே தீரவேண்டும் என்று டாக்டர் சொல்லியாயிற்று. பெரியாஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வரமாட்டார், அவர் அண்ணன் அங்கேதான் போய்ச் சேர்ந்தார். அண்ணனைச் சேர்த்தபோதே முற்றிப்போயிருந்தது என்று ஆயிரம் முறை சொல்லிவிட்டேன், காதில் ஏறாது. பிரைவேட் என்றால் எண்பதாயிரம். அதனால் ஆபரேஷனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆட்டோ ஓட்டுகிறார். இருமல் வந்தால் வயிற்றைக் கையால் பிடித்துக்கொள்கிறார். அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்று நிவேதா மேடமைப் போய்ப் பார்த்தேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். "உங்க ஃபைலத்தான் மொதல்ல அனுப்பறேன் பவளக்கொடி. நீங்க கம்பெனிக்கு நெருக்கமானவங்க. நீங்களும் எங்களுக்குக் கொஞ்சம் ஒத்துழைக்கணும்" என்றார். ஒத்துழைக்காமல் என்ன? பதினோரு வருடமாக ஓடிக்கொண்டுதானே இருக்கிறேன்.

ஜூலை 4, செவ்வாய்

கால் கழன்றுவிடும் போல இருக்கிறது. இன்று ஒரே ஷிஃப்டில் பதினான்கு பேரை எச்.ஆர். ரூமுக்கு அனுப்பி, பதினான்கு இடத்திலும் நின்றேன். காலையிலேயே சூப்பர்வைசர் ஜெகதீசன் லிஸ்ட் கொடுத்துவிட்டார். "ஏதோ ஃபாரமாம். ஒவ்வொருத்தரா அனுப்புங்க. லைன் மட்டும் நிக்கக்கூடாது" என்றார். முதலில் சுலோச்சனா. பிறகு வரிசையாக. ஆளுக்கு ஏழெட்டு நிமிடம். லைன் ஒரு நொடிகூட நிற்கவில்லை. மற்ற லைன்களில் இப்படிச் செய்ய முடியவில்லையாம். ஜெகதீசன் எல்லோர் முன்னாலும் கை தட்டினார்.

லிஸ்டில் இருந்த பதினான்கு பேரும் சங்கத்துக்காரர்கள் என்பது வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் தோன்றியது. என்ன ஃபாரமோ! எனக்கென்ன தெரியும்? ரிலீஃப் கேட்டார்கள், நின்றேன்.

ஜூலை 5, புதன்

பஸ்ஸில் லூர்து பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். மத்தியானம் கேன்டீனில் நானே தட்டை எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"பதினாலு பேரு சங்கத்துலேர்ந்து விலகிக்கிறோம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. சம்பளமும் இன்சூரன்சும் தர்றோம்னு ஒவ்வொருத்தரா தனியா உக்கார வெச்சிக் கேட்டிருக்காங்க" என்றாள்.

"அப்படியா?" என்றேன்.

"மத்த ரெண்டு லைன்லயும் சேத்து ஒரே ஆளுதான். ஏன் தெரியுமா? அங்க ரிலீவருங்க எடத்துல நிக்க மாட்டேன்னுட்டாங்க. எங்க லைன்ல மட்டும் எப்பிடிடி ஒரு நிமிஷம்கூட நிக்காம ஓடுச்சி?"

"ரிலீஃப் கேட்டாங்க, நின்னேன்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன், சாயங்காலத்துக்குள் சரியாகியிருக்கும். டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போனாள். கருவாட்டுக் குழம்பு வாசனை மட்டும் மேஜையில் இருந்தது.

ஜூலை 7, வெள்ளி

நேற்றும் இன்றும் எட்டாம் நம்பர் விளக்கு எரியவில்லை. லூர்து மட்டுமில்லை. எங்கள் லைனில் சங்கத்தில் மிச்சம் இருக்கும் ஒன்பது பேரும் பட்டனைத் தொடவில்லை. என்னைக் கூப்பிடக்கூடாது என்று முடிவு எடுத்திருக்கிறார்கள் போல. எடுக்கட்டும். எனக்கு ஓட்டம் மிச்சம்.

ஜூலை 11, செவ்வாய்

ரோஷத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? எட்டு மணி நேர ஷிஃப்ட். சாப்பாட்டு இடைவேளை அரை மணி, டீ பத்து நிமிடம். அந்த நேரத்தில் பாத்ரூம் வாசலில் எல்லா லைன் பெண்களும் வரிசையில் நிற்பார்கள், பாதிப் பேருக்கு முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். ஒன்பது பேரும் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார்கள். எழிலரசி இன்று இருபத்திரண்டாம் நம்பரில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். அவளுக்கு இது மூன்றாம் நாள். எனக்குத் தெரியாதா? பக்கத்தில் போய், "போடி, நான் நிக்கறேன்" என்றேன். கண்ணில் தண்ணீர் முட்ட, "வேணாம்க்கா" என்றாள்.

ஜெகதீசன் மட்டும் சந்தோஷமாக இருக்கிறார். மூன்றாம் லைனில் உற்பத்தி கூடியிருக்கிறதாம், நான் லைனை நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறேனாம். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.

ஜூலை 14, வெள்ளி

இன்சூரன்ஸ் கார்டு வந்துவிட்டது. இவர் பெயரில் ஒன்று, என் பெயரில் ஒன்று. சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன்.

இட்லிக்கு மாவு அரைத்தேன். ஒன்பது பேரும் இன்றும் கூப்பிடவில்லை.

ஜூலை 23, ஞாயிறு

ஆடி மாதத்தில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். ஒவ்வொரு வருடமும் லூர்து வருவாள். காலையில் பூசைக்குப் போய்விட்டு, தலையில் போட்ட முக்காட்டோடு நேராக எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். "எங்க மாதா ஒண்ணும் கோச்சிக்க மாட்டா, ஊத்துடி" என்பாள். இரண்டு சொம்பு குடித்துவிட்டு, முருங்கைக்கீரைப் பொரியலுக்கு மூன்றாவது தடவை கை நீட்டுவாள்.

பதினோரு மணி வரை வாசலைப் பார்த்தேன். வரவில்லை. ஒரு தூக்கில் கூழும் ஒரு கிண்ணத்தில் கீரையும் போட்டு இவர் கையில் கொடுத்தனுப்பினேன். போனவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். தூக்கைக் கழுவி வெறுமனே கொடுத்தனுப்பியிருக்கிறாள். வாங்கின பாத்திரத்தில் ஒரு பிடி சர்க்கரையாவது போடாமல் திருப்பியனுப்பும் பழக்கம் அவளுக்குக் கிடையவே கிடையாது.

"ஜுரத்துல படுத்திருக்குது. நீர்க்கடுப்பாம். ரத்தம்கூடப் போச்சாம். டாக்டரு, ஏம்மா தண்ணியே குடிக்கிறதில்லையான்னு திட்டினாராம்" என்றார் இவர். அப்புறம் என்னைப் பார்த்து, "உங்க கம்பெனியில தண்ணிக்குக்கூடப் பஞ்சமா?" என்று கேட்டார்.

நான் கூழ்ப்பானையைக் கழுவினேன். ஒரே பானையை இரண்டு முறை.

ஜூலை 25, செவ்வாய்

லூர்து இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை. எட்டாம் நம்பரில் நான்தான் நாள் முழுக்க நிற்கிறேன்.

எனக்குத் தெரியும். இதை எழுதிவிட்டால்தான் தூக்கம் வரும். ஜூலை நாலாம் தேதி முதலில் போன சுலோச்சனா திரும்பி வந்து, என் காதருகில், "அக்கா, சங்கத்துலேர்ந்து விலகறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். லூர்துக்கா கிட்டச் சொல்லாதீங்க" என்று சொன்னாள். முதல் ஆள் வந்தபோதே எனக்குத் தெரியும். அதற்கப்புறம் பதின்மூன்று பேர் இடத்தில் நின்றேன். ஒவ்வொருத்தியையும், "போ, நான் பாத்துக்கறேன்" என்று நானே அனுப்பினேன். கண்ணுக்கு முன்னால் இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமுவதுதான் தெரிந்தது. அதுவும் பாதிதான் உண்மை. ஜெகதீசன் கை தட்டியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கம் கெட்டவள்.

குளமாவது மண்ணாவது! சங்கத்தில் சேராததற்குக் காரணம் பயம். முன்னால் நான் வேலை பார்த்த கம்பெனியில் சங்கக் கொடி ஏற்றிய மூன்றாம் மாதம் வேலை போனது எங்களுக்கு. எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். அப்போதுதான் லூர்து இங்கே கூட்டிவந்தாள்.

ஆகஸ்ட் 2, புதன்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்மன் கண் திறந்தாள். பதினோரு வருடத்தில் முதல்முறையாக மூன்று நாள் லீவு போட்டிருக்கிறேன், அடுத்த வருடம் டைரி கிடையாது. காஞ்சிபுரத்தில் பிரைவேட் ஆஸ்பத்திரி, கார்டை நீட்டினேன், கவுன்டரில் இருந்த பெண் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க எதுவும் கட்ட வேணாம்மா" என்றாள். அவள் முன்னால் நின்று ஓவென்று அழுதுவிட்டேன். பாவம், பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள்.

சாயங்காலம் லூர்து வந்தாள்! கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலும். முகம் ஒட்டிப்போயிருந்தது. நான் எழுந்ததும், "உன்னப் பாக்க வரல. எங்கண்ணனப் பாக்க வந்தேன்" என்று என்னைத் தாண்டிப்போய்க் கட்டிலருகில் உட்கார்ந்தாள்.

இவர் அசடு வழிய, "எல்லாம் கம்பெனி இன்சூரன்ஸும்மா. நல்ல மனசு உங்க மொதலாளிக்கு" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

லூர்து கோபப்படவில்லை. ஒரு பழத்தை உரித்து, சாப்பிடலாமா என்று நர்ஸைக் கேட்டு, கூடாது என்றதும் தானே சாப்பிட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"அண்ணே, குடும்ப இன்சூரன்ஸ் நாங்க குடுத்த கோரிக்கையில ஆறாவது. எழுதினது நான்தான். எழுதும்போது ஒங்க வயித்த நெனச்சித்தான் எழுதினேன். எட்டு மாசமா முடியாது முடியாதுன்னாங்க. சம்பளமும் எங்களுக்கு ஆயிரத்தெட்டுநூறுக்கு மேல ஏற மாட்டேன்னாங்க. இப்பப் பாருங்க, கேக்காதவங்களுக்குக் கூப்பிட்டுக் குடுக்கறாங்க. சங்கம் இல்லன்னா யாருக்குமே வந்திருக்காது. நாளைக்குச் சங்கம் இல்லாமப் போனா இதுவும் இருக்காது. நீங்க நல்லா இருங்க, அது போதும்."

போகும்போதும் என் பக்கம் திரும்பவில்லை. வாசல் வரை அவள் பின்னாலேயே போனேன். செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். திரும்பி வந்தால் இவர், "அப்ப இது லூர்து வாங்கிக் குடுத்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 5, சனி

தையல் காயவேண்டும். உப்பில்லாக் கஞ்சி. மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிறார்.

ஆகஸ்ட் 9, புதன்

வெள்ளிக்கிழமை லேபர் ஆபீஸிலிருந்து அதிகாரி வந்து சங்கத்தில் எத்தனை பேர் என்று சரிபார்க்கப் போகிறார். பாதிக்கு மேல் இருந்தால்தான் சங்கத்தோடு கம்பெனி பேசியாகவேண்டும். இருநூற்றில் நூற்றியொன்று வேண்டும். இப்போது இருப்பது நூற்று மூன்று. பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள், நான் காதை மட்டும் பின் சீட்டுக்குக் கொடுத்திருந்தேன். மூன்று பேர் விலகினால் கதை முடிந்தது.

சாயங்காலம் ஜெகதீசன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு லிஸ்ட் கொடுத்தார். ஒன்பது பெயர். "நாளைக்கு, போன தடவ மாதிரியே. ஒவ்வொருத்தரா" என்றார். முதல் பெயர் எழிலரசி. வீட்டுக்கடன் தவணைக்கு அவள் படும் பாடு எனக்குத் தெரியும். தனியாக உட்காரவைத்துக் கேட்டால் அவள் தாங்கமாட்டாள். நிவேதா மேடமுக்கும் அது தெரிந்திருக்கிறது.

இவரிடம் சொன்னேன். சாய்ந்து உட்கார்ந்து தையலைத் தடவிக்கொண்டே யோசித்தார். "என் வயிறுதான் சரியாப் போச்சே. இனிமே நீ யாருக்குப் பயப்படணும்?" என்றார். கட்டின நாளிலிருந்து இந்த மனுஷன் உருப்படியாகச் சொன்னது இது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 10, வியாழன்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பதரைக்கு ஜெகதீசன் வந்து, "எழிலரசி, ஆபீசுக்குப் போம்மா. பவளம்மா, நில்லுங்க" என்றார்.

நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். "விளக்கு எரியல சார்" என்றேன்.

"இன்னாது?"

"பட்டன அமுத்தி விளக்கு எரிஞ்சாத்தான் ரிலீவர் போகணும். இந்தா, செவுத்துல நீங்கதான எழுதி மாட்டியிருக்கீங்க?" பதினோரு வருடமாக அந்த அட்டையின் கீழேதான் நிற்கிறேன். இன்றைக்குத்தான் அதனால் எனக்கு ஒரு உபயோகம்.

அவர் விடுவிடுவென்று போய் எழிலரசியின் பட்டனைத் தானே அழுத்தினார். விளக்கு எரிந்தது. சரி, எரிந்தால் போகத்தானே வேண்டும்? போனேன். அவள் பக்கத்தில் நின்று, லைன் முழுக்கக் கேட்கும்படி, "ஏண்டி, பாத்ரூம் போகணுமா?" என்று கேட்டேன்.

அவள் கை டேப் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜெகதீசனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எட்டாம் நம்பர் பக்கம் பார்த்தாள். லூர்து தலை நிமிரவில்லை. அவள் போகணும் என்று சொல்லியிருந்தால் நான் நின்றுதான் ஆகவேண்டும்.

"இல்லக்கா" என்றாள் எழிலரசி.

விளக்கை அணைத்தேன்.

"என்ன வெளையாட்றீங்களா? லைன நிறுத்தட்டுமா?" என்று கத்தினார் ஜெகதீசன்.

"நிறுத்துங்க சார்" என்றேன்.

நிறுத்த மாட்டார். ஒரு நிமிடம் லைன் நின்றாலே மேலிடத்துக்கு எழுத்தில் பதில் சொல்லவேண்டும். வெளியே லாரி வேறு லோடுக்கு நின்றுகொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைக்க என்னையே பார்த்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார். டேப் கிழியும் சத்தம்தான் கேட்டது.

ஷிஃப்ட் முடிந்ததும் கேட் பக்கத்தில் நிவேதா மேடமே காத்திருந்தார். "எழிலரசி, ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டார். ஒன்பது பேரும் சேர்ந்து போய் அவர் முன்னால் நின்றார்கள். "சரி சரி, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

ஆகஸ்ட் 12, சனி

நூற்று மூன்று. நேற்று அதிகாரி எண்ணி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கேட்டுக்கு வெளியே வெடி வெடித்தார்கள். நான் பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தேன். இறங்கிப் போக எனக்கு என்ன முகம் இருக்கிறது?

எனக்கு ஒரு மெமோ, இங்கிலீஷில். கீழ்ப்படியாமையாம். திங்களிலிருந்து நான் ரிலீவர் இல்லை. பதினேழாம் நம்பரில் நிற்கவேண்டும். புது ரிலீவர் சுலோச்சனா.

ஆகஸ்ட் 14, திங்கள்

ஒரே இடத்தில் நின்று பழக்கமில்லை. குதிகால் கொதிக்கிறது. இரவு வெந்நீரில் கால் வைத்தேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

மூன்று நாளாக நானும் தண்ணீர் பாட்டில் எடுத்துப்போகவில்லை. பட்டனை அழுத்தக் கூச்சமாக இருந்தது. அழுத்தி, யாரும் வராமல் போனால்? இன்று பதினொன்றரைக்கு மேல் தாங்கவில்லை. நாற்பத்திரண்டு வயது உடம்பு, ரோஷம் எல்லாம் அதற்குத் தெரியாது. அழுத்தினேன்.

தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. சுலோச்சனா பார்த்தாள். ஜெகதீசனையும் பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பி நின்றார். அவள் வரவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் நிற்கும் இடத்தில் நேற்றுவரை நான்தானே நின்றேன்? ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பலகைகள் வந்துகொண்டே இருந்தன. பதினைந்து நிமிடம். பல்லைக் கடித்துக்கொண்டு டேப் சுற்றினேன். இந்த லைனில் ஒன்பது பேர் ஒரு மாதத்துக்கு மேல் இப்படி நின்றார்கள். என்னால்.

அப்போது எட்டாம் நம்பரில் விளக்கு எரிந்தது. ஜூலை ஐந்தாம் தேதிக்கு அப்புறம் இன்றுதான்.

சுலோச்சனா விழுந்தடித்து ஓடினாள். லூர்து கையை எடுக்காமல், தலையைத் திருப்பாமல், லைன் முழுக்கக் கேட்கச் சொன்னாள்: "எனுக்கு ஒண்ணும் வரல. பதினேழாம் நம்பருக்குப் போ. அவ போயிட்டு வர்ற வரிக்கும் இது எரியும்."

சுலோச்சனா ஜெகதீசன் பக்கம்கூடப் பார்க்கவில்லை. வந்து என் கையிலிருந்து டேப்பை வாங்கிக்கொண்டாள்.

பாத்ரூமுக்கு எட்டாம் நம்பரைத் தாண்டித்தான் போகவேண்டும். பதினோரு வருடமாக அந்த வழியில் ஓடியிருக்கிறேன், இன்றைக்குக் கால் வரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். என்னென்னவோ சொல்ல நினைத்து, வாயில் வந்தது, "லூர்து, சங்கத்துல சேர ஃபாரம் வெச்சிக்கிறியா?"

திரும்பினாள். ஒரு மாதத்துக்கு மேலாகிறது அந்த முகத்தை நேராகப் பார்த்து.

"மொதல்ல பாத்ரூமுக்குப் போயிட்டு வாடி, எருமை" என்றாள்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். ஒன்று எனக்கு, ஒன்று லூர்துவுக்கு.